கணினிப் பாடம் நம் பிள்ளைகளுக்கு இல்லையா?

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அடிக்கடி காணும் காட்சி இது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கூண்டில் நிற்பான். தன் வங்கிக் கணக்கின் ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் யாரோ ஒருவரிடம் கொடுத்திருப்பான். வாடகையாக 200 அல்லது 300 வெள்ளி கைக்கு வந்திருக்கும். எங்கோ ஒரு முதியவர் ஏமாந்து போட்ட பணம் அந்தக் கணக்கில் நுழைந்து அன்றைக்கே வெளியேறியிருக்கும். பணத்தை எடுத்தவன் அகப்படமாட்டான். கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவன்தான் அகப்படுவான். மலாயில் இதற்கு 'கெல்டாய் அக்காவுன்' என்று பெயர். கழுதைக் கணக்கு! பொதி சுமக்கும் கழுதை யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"லாயர், என் மகன் திருடலையே, கார்டைத்தானே குடுத்தான்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். துப்புரவு வேலை செய்பவர். அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். "கார்டைக் குடுத்ததுதான்மா குற்றம்" என்றேன். முன்பு இத்தகைய வழக்குகளைத் தண்டனைச் சட்டத்தின் 424ஆவது பிரிவின் கீழ் கொண்டுவந்தார்கள். 2024-இல் இதற்கென்றே 424ஏ முதலான புதிய பிரிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள். சட்டம் வேகமாக வருகிறது. பாடம்தான் வரவில்லை.

அந்தப் பையனிடம் பேசிப் பார்த்தேன். கைப்பேசியில் மன்னன். காணொளி எடுப்பான், வெட்டுவான், ஒட்டுவான், பாட்டு சேர்ப்பான். ஆனால் கடவுச்சொல் எதற்கு, தன்னுடைய தரவு யார் கையில் இருக்கிறது, இணையத்தில் விட்ட தடம் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டால் விழிக்கிறான். ஐந்தாண்டு இடைநிலைப்பள்ளியில் படித்தவன். அங்கே யாரும் அவனுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

ஏன் சொல்லித் தரவில்லை? பாடம் இல்லையா? இருக்கிறது. 2017-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் படிவம் 1 முதல் 3 வரை 'அசாஸ் சாய்ன்ஸ் கொம்புத்தெர்' என்ற கணினி அறிவியல் அடிப்படைப் பாடம் உண்டு. 0, 1 என்ற இரும எண்களில் தொடங்கி, நிரல் எழுதுவது, தரவுத்தளம், தகவலை மறையாக்கம் செய்து பாதுகாப்பது வரைக்கும் போகிறது. நல்ல பாடம்தான். ஆனால் அது எல்லாருக்கும் இல்லை. 'ரெக்கா பெந்தோக் டான் தெக்னோலோகி' எனப்படும் வடிவமைப்புத் தொழில்நுட்பம் அல்லது கணினி, இரண்டில் ஒன்றைப் பள்ளி தேர்ந்தெடுக்கும். பெற்றோரைக் கேட்பதில்லை, மாணவனையும் கேட்பதில்லை. கணினிக்கூடம் சரியாக இருந்து, சொல்லித் தர ஆசிரியரும் இருக்கும் பள்ளி கணினியை எடுக்கும். கூடத்தில் பாதிக் கணினி ஓடாத பள்ளி என்ன செய்யும்? நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்த வகைப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

வடிவமைப்புப் பாடத்தை நான் மட்டம் தட்டவில்லை. கணினிப் பாடம் படித்திருந்தால் அந்தப் பையன் கூண்டில் நின்றிருக்கமாட்டான் என்றும் சொல்ல வரவில்லை. 300 வெள்ளிக்கு அட்டையைக் கொடுத்ததற்கு வறுமையும் காரணம். ஆனால் கைப்பேசியைப் பயன்படுத்துவது வேறு, அது எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்வது வேறு. முதலாவதை விளம்பரக்காரன் இலவசமாகவே கற்றுக்கொடுக்கிறான். இரண்டாவதைப் பள்ளி கற்றுக்கொடுக்காவிட்டால், டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு வேறு யார் கற்றுக்கொடுப்பார்கள்?

அரசாங்கம் பணம் செலவழிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1997-இல் 'செக்கோலா பெஸ்தாரி' என்று முழங்கினார்கள். 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் கொள்கை வந்தபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். 2011-இல் '1பெஸ்தாரிநெட்'. பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையம் என்றார்கள். அதன் இணையக் கற்றல் தளத்தை மிகச் சிலரே பயன்படுத்தினார்கள் என்று தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையே சொன்னது. 2019-இல் அத்திட்டம் முடிந்தது. அடுத்த ஆண்டு கோவிட் வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது கல்வியமைச்சு எடுத்த ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் வெறும் 9 விழுக்காடு! இருபது ஆண்டுக்கு மேலாகக் குத்தகைகள் ஓடியிருக்கின்றன. நம் வீடுகளில் ஒரே கைப்பேசிக்கு மூன்று பிள்ளைகள் வரிசை பிடித்தார்கள்.

தமிழனுக்கும் கணினிக்கும் வெகுதூரம் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். கணினியில் தமிழ் எழுத 1985-இலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். கைப்பேசிக்குச் 'செல்லினம்' தந்தவரும் அவரே. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்கி வரும் படங்களைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். அதே பிள்ளைகள் படிவம் 1-க்குப் போனதும் எங்கே காணாமற்போகிறார்கள்? தமிழ்ப்பள்ளிக்காகக் கொடி பிடிக்கும் நாம் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறோம். இது நம்முடைய குறை. இயக்கத்தில் இருக்கும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் டிக்டாக்கில் விடாமல் இழிவுபடுத்தப்பட்ட நம் இனப் பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, 1955-ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழ், 100 வெள்ளி அபராதம். கொதித்துப் போனோம். அதன் பிறகே பகடிவதையைக் குற்றமாக்கும் 507பி முதலான பிரிவுகள் 2025-இல் நடப்புக்கு வந்தன. வரவேற்கிறேன். ஆனால் இழிவுபடுத்தியவர்களும் தமிழில்தானே பேசினார்கள்? ஊடகத்தில் என்ன பேசலாம், பேசினால் என்ன ஆகும், தன்னைத் தாக்கினால் ஆதாரத்தை எப்படிச் சேமித்து யாரிடம் புகார் செய்வது, இவை வகுப்பறையில் பேச வேண்டியவை. சிறைக்குப் போன பிறகு அல்ல.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது விதி, அரசாங்கக் கல்விக்கூடங்களில் இனம், சமயம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்கிறது. இதை வைத்து வழக்குப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சுலபமல்ல. "நாங்கள் இனம் பார்க்கவில்லை, ஆசிரியர் இல்லை" என்று பதில் வரும். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் இருக்கிறது. கணினிப் பாடத்துக்கு அப்படி ஒரு எண்ணிக்கையைச் சட்டம் சொல்லவில்லை. அதற்காக 15 பெற்றோர் சேர்ந்து கேட்கக்கூடாது என்றா பொருள்?

2027-இல் புதிய பாடத்திட்டம் தொடங்கும் என்று கல்வியமைச்சு அறிவித்திருக்கிறது. உங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். மலாய் சரளமாக வராது என்று பின்வரிசையில் உட்கார வேண்டாம், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். இந்தப் பள்ளியில் கணினிப் பாடம் உண்டா, இல்லையென்றால் ஏன், கூடத்தில் எத்தனை கணினி ஓடுகிறது, ஆசிரியர் கேட்டு மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எப்போது கடிதம் போனது? பதிலை எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்தத் தாளின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள், மேலே கொண்டுபோவது எங்கள் பொறுப்பு.

அந்தத் தாயின் இளைய மகள் இப்போது படிவம் 2. "அவளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் இருக்காம்மா?" என்று நீதிமன்ற வாசலில் கேட்டேன். "தெரியலைங்களே, கேட்டுச் சொல்றேன்" என்றார். பையனின் வழக்கு அடுத்த மாதம் மறுபடியும் வருகிறது.