பேட்டரியின் மீது பழி சுமத்துமுன்

வாசக அன்பர் ஒருவர் நீண்டதொரு கடிதம் வரைந்துள்ளார். 2021-ஆம் ஆண்டில் அவர் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்கு இதுவரை மூன்று பேட்டரிகள் மாற்றியாயிற்றாம். மூன்றாவதும் சென்ற மாதம் கைவிட்டது. மருத்துவமனையில் மாலைப் பணி முடித்த மகளை ஏற்றிக்கொண்டு திரும்புகையில், ஊருக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. விளக்கில்லை, ஹாரன் இல்லை, செல்ஃப் எடுக்கவில்லை. தந்தையும் மகளும் இரவு பத்து மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கின்றனர். “இந்தக் கம்பெனி பேட்டரி சரியில்லை, வேறு கம்பெனி போட்டுப் பாருங்கள்” என்பதே பட்டறையில் கிடைத்த விடையாம்.

உதைத்துக் கிளப்பியிருக்கலாமே என்று நம் வீட்டு முதியவர்கள் கேட்பர். அவர்கள் ஓட்டிய வண்டிகளுக்கு அது பொருந்தும். அவற்றுள் பல, தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை என்ஜினிலுள்ள காந்தச் சக்கரத்திலிருந்தே பெற்றன. பேட்டரி செத்தாலும் வண்டி ஓடிற்று. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சும் மின் பம்பு வந்துவிட்டது. மின்சாரமின்றி அது சொட்டுப் பெட்ரோலும் தராது. போதாததற்கு, 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளின் முன்விளக்கு, என்ஜின் ஓடும் நேரமெல்லாம் எரிந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே சார்ஜ் ஏறுகிறதா என்ற வினா முன்னைவிட இன்று முக்கியமானது.

ஏற்பாடு எளிதே. என்ஜினோடு சேர்ந்து சுழலும் காந்தம், ஸ்டேட்டர் எனப்படும் கம்பிச் சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம்தான், வேறு மாயமில்லை. இவ்வாறு பிறப்பது மாறுதிசை மின்சாரம். அதுவும் என்ஜினின் வேகத்துக்கேற்பக் கூடும், குறையும். அதனை நேர்த்திசையாக்கி, பேட்டரி தாங்கும் அளவுக்குள் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் என்னும் சிறு பெட்டி. பட்டறைகளில் ஆர்.ஆர். யூனிட் என்பர். இம்மூன்றில் கண்ணுக்குத் தெரிவதும் கடையில் எளிதாய்க் கிடைப்பதும் பேட்டரி ஒன்றே. பழியும் அதன்மேல் விழுகிறது.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நலம். பழைய புல்லட் வண்டிகளில் முன்விளக்கின் மேலேயே ஓர் அம்மீட்டர் இருக்கும். முள் இடப்பக்கம் சாய்ந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தச் சிறு வசதியை இன்றைய வண்டிகளில் எடுத்துவிட்டது எமக்கு உடன்பாடில்லை.

இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுமுன் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து நேர்மின் அளவில் பாருங்கள். 12.6 வோல்ட்டோ சற்று மேலோ இருப்பின் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு. 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் வெறுங்கலம் என்றே கொள்ளலாம். அதை வெளியே சார்ஜ் செய்துவிட்டுத்தான் மேலே சோதிக்க வேண்டும், இல்லையேல் எல்லா அளவும் ஏமாற்றும். அடுத்து, செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது எண்ணைக் கவனியுங்கள். நிறைந்த பேட்டரி அப்போது 10 வோல்ட்டுக்கு வெகு கீழே விழுமானால், அதன் உள்ளே வலுவில்லை.

பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைச் சற்று திருகிப் பிடியுங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் எண் நின்றால் சார்ஜ் முறையாக ஏறுகிறது. 12.5-இலேயே நின்றாலோ மெல்ல இறங்கினாலோ, ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி ஏறுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு என்ஜின் ஓடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் உண்டு. அதனை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பேட்டரி இல்லாதபோது மின்னழுத்தம் துள்ளி எழும். விலையுயர்ந்த மின்னணுப் பெட்டிகள் அந்த நொடியிலேயே பாழாகலாம்.

ஏறாத வண்டியில் முதலில் கப்ளர்களைப் பிரித்துப் பாருங்கள். பேட்டரி முனைகளில் வெண்மையோ பச்சையோ பூத்திருக்கிறதா? ஃபியூஸ் தளர்ந்திருக்கிறதா? ஸ்டேட்டரிலிருந்து வரும் கம்பிகள் சேருமிடத்தில் பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருக்கிறதா? பாதி வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிடில், அந்தக் கப்ளரைப் பிரித்த நிலையில் ஸ்டேட்டரைச் சோதிக்கலாம். மூன்று கம்பிகள் ஒரே நிறத்தில், பெரும்பாலும் மஞ்சளாக, வருமாயின், மீட்டரை மாறுதிசை மின் அளவுக்கு மாற்றி, இரண்டிரண்டு கம்பிகளாக மூன்று முறை அளக்க வேண்டும். எண் வண்டிக்கு வண்டி வேறுபடும். மூன்று அளவுகளும் ஒத்திருப்பதும், வேகம் கூடக் கூட அவை சேர்ந்து உயர்வதுமே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் சுருள் எரிந்திருக்கிறது. என்ஜினை நிறுத்தி, இக்கம்பிகளுக்கும் வண்டியின் உடலுக்கும் தொடர்பு உண்டா என்றும் பாருங்கள், இருத்தல் ஆகாது. ஆனால் பழைய 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் சுருளின் ஒரு முனை எர்த்திலேயே கட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு இந்தக் கடைசிச் சோதனை பொருந்தாது. இதை அறியாமல் நல்ல சுருளைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. சுருள் நன்றாயிருந்தும், கம்பிகள் நன்றாயிருந்தும் சார்ஜ் ஏறவில்லையெனில், குற்றம் ஆர்.ஆர். யூனிட்டில்.

இனி நம் அன்பரின் வண்டி. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் இரண்டு செய்திகளை எழுதியிருக்கிறார்: முன்விளக்கின் பல்பு இருமுறை ஃபியூஸ் போயிற்று, கழற்றிய பேட்டரிகளின் பக்கங்கள் உப்பி, நெடியடித்தன. சார்ஜ் ஏறாத பேட்டரி உப்பாது. பல்பும் மங்குமேயன்றி வெடிக்காது. ஆக, அவருடைய பேட்டரிகள் பட்டினியால் மாளவில்லை, மிகையூட்டத்தால் மாண்டிருக்கின்றன. எந்தக் கம்பெனியின் பேட்டரியைப் போட்டாலும் அந்த வண்டியில் அதே கதிதான் நேரும். என்ஜின் ஓடும்போது அவர் அளந்தால் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டும் என்றே எதிர்பார்க்கிறோம்.

ஆயினும் உடனே புது ஆர்.ஆர். யூனிட் வாங்கிவிட வேண்டாம். சில வண்டிகளில், பேட்டரியின் நிலையை அந்தப் பெட்டிக்கு அறிவிக்க ஒரு தனிக் கம்பி உண்டு. அதன் இணைப்பில் துருவேறினால், பேட்டரி காலியாயிருப்பதாக எண்ணி அது மேலும் மேலும் ஏற்றிக்கொண்டேயிருக்கும். எர்த் கம்பி தளர்ந்தாலும் இந்நிலை வரலாம். இவ்விரண்டையும் துடைத்து இறுக்கியபின் மறுபடி அளக்கவும். எண் இறங்காவிடில் பெட்டியை மாற்றுவதே வழி. மாற்றும்போது அதன் உலோகத் துடுப்புகளில் காற்றுப் படுமாறு பொருத்தச் சொல்லுங்கள். இவ்வகைப் பெட்டிகளுள் பல, வேண்டாத மின்சாரத்தை வெப்பமாக்கித்தான் கழிக்கின்றன. சேறு அப்பிக் காற்றுத் தடைப்பட்டால் விரைவில் வெந்துபோகும்.

புதிய பெட்டி பொருத்தியானதும், பட்டறையிலேயே என்ஜினை ஓடவிட்டு எண் 14.5-க்குள் நிற்கிறதா என்று பார்த்தபின் பணம் கொடுக்கவும். உப்பிய பழைய பேட்டரிகள் மூன்றும் வீட்டுக் கொல்லையில் கிடக்கின்றனவாம். உள்ளிருப்பது கந்தக அமிலமும் ஈயமும். குழந்தைகள் கைபடாமல், பேட்டரி விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழையதற்கென்று ஒரு தொகையும் கழித்துக்கொள்வார்கள்.