சான்றிதழைப் போர்த்திக்கொண்டு தூங்க முடியுமா?

"திறமைக்கு வறுமை ஒரு தடையே இல்லை." தில்லியில் நம்மவர் விழா மேடைகளில் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தடைதான் ஐயா. பெரிய தடை.

உடனே விக்கி ராயை உதாரணம் காட்டுவார்கள். புருலியாவிலிருந்து பதினோரு வயதில் ஓடிவந்து, புது தில்லி ரயில் நிலையத்தில் குப்பை பொறுக்கிய பையன். 2007ல் புகைப்படக் கண்காட்சி வைத்தார். ஆகா! ஆனால் நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. சலாம் பாலக் டிரஸ்ட் விடுதியில் இடம் கிடைத்தது. படிப்பு கிடைத்தது. பிறகு ஒரு புகைப்படக் கலைஞரிடம் உதவியாளர் வேலை, கையில் சம்பளம், கேமரா வாங்கக் கடன். இத்தனைக்கும் பிறகுதான் அந்தக் கண்காட்சி.

அந்த டிரஸ்ட் பிறந்ததே மீரா நாயரின் 'சலாம் பாம்பே' (1988) படத்தை ஒட்டித்தான். அதன் நாயகன் ஷஃபீக் சையத், நிஜமாகவே மும்பைத் தெருவில் கிடந்த பையன். தேசிய விருது வாங்கினார். பின்னாளில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டினார். (ஆட்டோ ஓட்டுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.) அவர் நடிப்பில் என்ன குறை? விருது கொடுத்தவர்கள் அதோடு கடமை முடிந்தது என்று போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

நாம் மட்டும் என்னவாம்? போன பொங்கல் விழாவுக்கு ஒரு காப்பகத்துப் பிள்ளைகளை ஆட அழைத்திருந்தார்கள். பிரமாதமாக ஆடினார்கள். சென்னையிலிருந்து வந்த பாடகருக்கு விமான டிக்கெட், பொன்னாடை, கவர். நம் பிள்ளைகளின் நடன டீச்சருக்கும் கவர். அந்தப் பிள்ளைகளுக்கு? ஆளுக்கொரு ஸ்வீட் டப்பா, ஒரு சான்றிதழ், நம்மோடு பத்து போட்டோ. கமிட்டியில் ஒரு அண்ணாவிடம் கேட்டேன். "மேடை கிடைச்சதே பெரிசு இல்லையாப்பா" என்றார். பாடகரிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டியதுதானே?

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "முதல்ல சோறு போடுங்க, அப்புறம் கலையைப் பார்க்கலாம்" என்பவர்கள். இதுவும் அபத்தம். தில்லியில் 2003ல் தொடங்கிய 'பாலக்நாமா' தெருப் பிள்ளைகளே நடத்தும் பத்திரிகை. எழுதத் தெரியாத பிள்ளைகள் சேதியைச் சொல்ல, தெரிந்தவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். போலீஸ் அடித்தது, வேலைக்குக் கூலி தராதது எல்லாம் அதில் வருகிறது. வயிறு நிறையட்டும் என்று காத்திருந்தால் இதையெல்லாம் யார் எழுதியிருப்பார்கள்? சோறும் வேண்டும், பேனாவும் வேண்டும். இரண்டும் ஒரே நாளில்.

ஆகவே, ஆட வைத்தால் கூலி கொடுங்கள். அவர்கள் வரைந்ததை வாழ்த்து அட்டையில் அச்சடித்து விற்றால் வரைந்த பிள்ளைக்குப் பங்கு கொடுங்கள். போட்டோ எடுக்குமுன் கேளுங்கள்.

"காசு கொடுத்தால் கண்ட போதையில் விட்டுவிடுவார்கள்" என்று ஒரு மாமி பயந்தார். பட்டர்ஃப்ளைஸ் அமைப்பின் உதவியோடு தெருப் பிள்ளைகளே நடத்தும் சேமிப்பு வங்கி ஒன்று 2001ல் இதே தில்லியில்தான் ஆரம்பமானது. கணக்கு எழுதுவதும் அந்தப் பிள்ளைகள்தான், மாமி.