எல்லை ஆற்றின் கரையிலே



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியில், டெக்சாஸ் மாநிலத்தையும் மெக்சிகோ நாட்டையும் பிரித்துக்கொண்டு ரியோ கிராண்டே என்னும் ஆறு வளைந்து வளைந்து கடலை நாடுகிறது. பெரிய ஆறு என்பது அதன் பொருள். மறுகரையினர் அதனையே ரியோ பிராவோ என்பர். 1848-ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின்னர் இவ்விடத்தில் இவ்வாறே எல்லைக் கோடாயிற்று. கடுங்குளிர் அரிதாகவே எட்டிப் பார்க்கும் இப்பள்ளத்தாக்கிற்கு இலையுதிர் காலந்தோறும் வழிகாட்டிகளின் துணையுடன் மக்கள் குழுக் குழுவாக வருகின்றனர். மாளிகைகளையோ கடைவீதிகளையோ காண அவர்கள் வருவதில்லை. பறவைகளைக் காணவே வருகின்றனர். இம்மாதம் நாமும் மனத்தளவில் அக்குழு ஒன்றுடன் சேர்ந்து நடப்போமா?

விடியுமுன்பே புறப்பட வேண்டும். சான்டா ஆனா என்னும் சரணாலயத்தின் வாயிலை அடையும்போதே, கோழியளவுள்ள சாச்சலாக்காப் பறவைகள் மரக்கிளைகளில் அமர்ந்து, தம் பெயரைத் தாமே உரக்கக் கூவி ஊரை எழுப்பிக்கொண்டிருக்கும். 1943-இல் அமைக்கப்பட்ட இச்சரணாலயம் ஏறத்தாழ 2,000 ஏக்கர் பரப்புடையது. அச்சிறு பரப்பில் 400-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இதுவரை காணப்பட்டுள்ளன! மஞ்சள் மார்புடைய கிஸ்கடி, நீலத் தலையும் பச்சை உடலும் கொண்ட காகக் குடும்பத்துப் பறவை, தூக்கணாங்குருவியைப் போல் நீண்ட பை போன்ற கூட்டைத் தொங்கவிடும் செம்மஞ்சள் மாங்குயில் ஆகியவை அந்நாட்டில் இத்தெற்கு மூலையை விட்டு வடக்கே செல்வது அரிது.

அங்குள்ள மரங்களுள் ஒன்று மெஸ்கீட். நம் கண்மாய்களையெல்லாம் பற்றிக்கொண்டு நம்மைத் தொல்லைப்படுத்தும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. ஆனால் அங்கே அது மண்ணின் மரம். பறவைக்கு நிழலும் கூடும் தருவது. இடம் மாறினால் குணமும் மாறுகிறது போலும்.

வழிகாட்டியின் திறமையை அறிய வேண்டுமாயின் வெஸ்லாகோ ஊரின் அருகிலுள்ள எஸ்டெரோ யானோ கிராண்டே பூங்காவிற்குச் செல்ல வேண்டும். பாதையோரம் சருகுகள் கிடக்கும் ஓரிடத்தை அவர் விரலால் சுட்டுவார். நாம் பார்ப்போம், சருகைத் தவிர ஒன்றும் தெரியாது. "அந்தக் குச்சியின் வலப்புறம், ஒரு சாண் தள்ளி" என்பார் அவர். அப்பொழுதும் தெரியாது. பொறுமையுடன் முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி நம்மைக் குனியச் சொல்வார். திடீரென்று சருகுக்கு ஒரு கண் முளைக்கும்! பௌராக்கி என்னும் பக்கி இனப் பறவை அது. இரவெல்லாம் பூச்சி பிடித்துவிட்டுப் பகலில் அசையாது உறங்குகிறது. தன் நிறத்தின்மீது அதற்கு அத்துணை நம்பிக்கை. நான்கடித் தொலைவில் பத்துப் பேர் நின்று வியந்தாலும் அது இமையைச் சற்றே திறந்து மூடுவதோடு சரி. குரலைத் தாழ்த்துங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று வழிகாட்டி ஓயாது நினைவூட்டுவதன் காரணம் அங்கேதான் விளங்கும்.

வெயில் ஏறியதும் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பர். செப்டம்பர் இறுதியில் அகன்ற சிறகுப் பருந்துகள் வட நாட்டுக் காடுகளிலிருந்து மத்திய அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் நோக்கிப் புறப்படுகின்றன. இரவில் மரங்களில் தங்கி, தரை சூடேறி வெப்பக் காற்று மேலெழும்போது அதில் சுழன்று சுழன்று உயர்ந்து, உச்சியிலிருந்து சிறகசைக்காமலே தெற்கே சறுக்கிச் செல்கின்றன. கடலின்மேல் அத்தகைய காற்றோட்டம் சரிவரக் கிட்டாது. ஆகவே மெக்சிகோ வளைகுடாவைக் கடக்காமல், கரையைச் சுற்றிக்கொண்டு டெக்சாஸ் வழியாகவே பெருந்திரளாக வருகின்றன. வடக்கே கார்ப்பஸ் கிறிஸ்டி நகருக்கு அருகே (கிறிஸ்துவின் திருவுடல் என்பதன்றோ அப்பெயர்!) இவற்றை ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கெடுக்கின்றனர். மூன்றே கிராம் எடையுள்ள செங்கழுத்து ரீங்காரச் சிட்டோ, உடலில் கொழுப்பைச் சேர்த்து எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொண்டு பயணப்படுகிறது.

இத்தனையும் மிச்சம் மீதியில் நடக்கும் விழா என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 1904-இல் இருப்புப்பாதை வந்தபின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் பருத்தி, கரும்பு வயல்களுக்குமாக இப்பள்ளத்தாக்கின் பழங்காடுகளில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் அழிந்துவிட்டன. 1953-இல் ஃபால்கன் அணை கட்டப்பட்டபின் வெள்ளமும் குறைந்தது. வெள்ளத்தை நம்பியிருந்த ஆற்றங்கரை மரங்கள் வாடின. 1979 முதல் அரசு வயல்களை விலைக்கு வாங்கி, நாட்டு மரங்களை நட்டு, துண்டுபட்ட காடுகளை இணைக்க முயன்று வருகிறது.

இந்நிலையில்தான் எல்லைச் சுவர் வந்தது. பருந்துக்குச் சுவர் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். சுவரை ஒட்டி அகலமாக வெட்டப்படும் வெளியில் அழிவது பறவை இறங்கித் தங்கும் மரமே. தரையில் நடக்கும் ஓசிலாட் என்னும் சிறு காட்டுப்பூனைக்கோ வழியே அடைபடுகிறது. அந்நாட்டில் அவ்வினம் நூறுகூட எஞ்சவில்லை. 2018-இல் சான்டா ஆனாவுக்கு நாடாளுமன்றம் விலக்களித்தது. மறு ஆண்டில் அவ்விலக்குப் பட்டியலில் மிஷன் நகரின் லா லொமீட்டா சிற்றாலயமும் இடம்பெற்றது. ஆற்றுக்கும் கரைமேட்டுக்கும் இடையே நிற்கும் அவ்வாலயம், கரைமேட்டில் சுவர் எழுந்தால் அதற்கு அப்பால் அகப்பட்டிருக்கும். பிரவுன்ஸ்வில் மறைமாவட்டம் அதற்காக நீதிமன்றத்தில் வாதாடியது. 1899-இல் இன்றைய இடத்தில் அதனைக் கட்டியவர்கள் அமலமரித் தியாகிகள். 1847-இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அதே சபையினர். குதிரைமேல் ஏறி இவ்வாற்றோரப் பண்ணைகளைத் தேடிச் சென்ற குருக்கள் தங்கிய இடத்தின் மரநிழலிலே இன்று பறவை நோக்குவோரும் இளைப்பாறுகின்றனர்.

மாலையில் வழிகாட்டி நம்மை நகருக்கு அழைத்துச் செல்வார். மின்கம்பிகளும் கடைகளும் நிறைந்த தெருவில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு விடையாக, பொழுது சாயும் வேளையில் பேரிரைச்சலுடன் செம்முடிக் கிளிகள் வந்து இறங்கும். வடகிழக்கு மெக்சிகோவே அவற்றின் தாயகம். அங்கே காடு அழிந்தும், கூண்டு வணிகத்துக்காகக் குஞ்சுகள் பிடிபட்டும், இனமே அருகிவிட்டது. ஆற்றைத் தாமே கடந்து வந்தனவா, கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழி வந்தனவா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். கிளிகளோ, யாரோ ஒரு வீட்டுக்காரர் வெட்டாமல் விட்டுவைத்த பட்டுப்போன பனையின் பொந்தில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கின்றன.