இல்லமும் நலமும்: யன்னலுக்கு ஒரு திரைச்சீலை

ஊரில் யன்னல் சீலை என்பது தெருவால் போவோர் பார்வைக்கு ஒரு மறைப்பு. காற்றடித்தால் ஆடும், அவ்வளவுதான். இலண்டனில் அதன் வேலை வேறு. யூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் நிற்கும். விடிய ஐந்து மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். டிசெம்பரிலோ பின்னேரம் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிட, கண்ணாடி வழியே குளிர் இறங்கும்.

அண்மையில் ஒரு வீட்டில் நடந்தது இது. மனைவி வைத்தியசாலையில் இரவு வேலை செய்யும் தாதி. பகலில் படுத்தால் வெளிச்சத்தில் நித்திரை வருவதில்லை. ஒருநாள் காலை வேலை முடிந்து காரில் வரும்போது, சிவப்பு விளக்கில் நின்ற இடத்திலேயே கண்ணயர்ந்துவிட்டார். பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்ததால் விழித்துக்கொண்டார். நித்திரைக்கு உதவும் மெலற்றோனின் என்ற சுரப்பு, கண்ணில் வெளிச்சம் பட்டால் குறைந்துவிடும். ஆகவே இருட்டான அறை என்பது இரவு வேலை செய்பவருக்கு ஆடம்பரம் அல்ல, மருந்து போன்றது.

கணவர் கடையில் விலை கேட்டு மலைத்துப்போனார். வீட்டில் இருந்த தாயார், "தம்பி, எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியேல்லை. உனக்குக் கை இருக்குத்தானே? நான் சொல்லுறன், நீ தை" என்றார். அதுவரை சட்டைப் பொத்தான்கூடத் தைத்தறியாத மகன், இரவல் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

முதலில் அளவு. யன்னலின் அகலம் 120 சென்ரிமீற்றர். திரை தொங்கும் ரெயில் இரு பக்கமும் 15 சென்ரிமீற்றர் கூடுதலாக, 150 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஓரத்தால் வெளிச்சம் புகும். துணியின் அகலம் ரெயிலின் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை இருந்தால் சுருக்கு அழகாக விழும். திரைத்துணி பெரும்பாலும் 137 சென்ரிமீற்றர் அகலத்தில் வருவதால், பக்கத்துக்கு ஒரு துண்டாக இரண்டு துண்டு போதும். ஒட்டுப் போட வேண்டியதில்லை.

நீளம், ரெயிலிலிருந்து யன்னலின் அடிக்கட்டு வரை 140. கீழே ரேடியேற்றர் இருப்பதால் அதற்கு மேல் இறக்கக்கூடாது; இறக்கினால் சூடு அறைக்கு வராமல் கண்ணாடிப் பக்கமே போய்விடும். மேல்மடிப்புக்கு 4, கீழே 8 சென்ரிமீற்றராக இரண்டு மடிப்புக்கு 16; ஆக ஒரு துண்டு 160. இரண்டுக்கும் 320. பருத்தித் துணி சுருங்கும் என்பதால் மூன்றரை மீற்றர் வாங்கினார்கள். பூப்போட்ட துணியென்றால் இரு பக்கமும் பூ ஒத்துவர வேண்டும். முதன்முதல் தைப்பவருக்கு ஒரே நிறத் துணியே நல்லது.

"வெட்ட முந்தித் தோய்ச்சு, ஸ்திரிக்கை போடு. பிறகு சுருங்கினால் அரை யன்னல்தான் மூடும்" என்றார் தாயார். வெட்டியபின் பக்க ஓரங்களை 2 சென்ரிமீற்றராக இருமுறை மடித்து, குண்டூசி குத்தி, நேராகத் தைக்க வேண்டும். மேலே 4 சென்ரிமீற்றர் மடித்து, அதன்மேல் சுருக்கு நாடாவை வைத்து, மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் ஒரே திசையில் தைக்க வேண்டும். எதிர்த் திசையில் தைத்தால் துணி கோணும். நாடாவுக்குள் ஓடும் கயிறுகள் தையலில் அகப்படக்கூடாது. ஒரு முனையில் அவற்றை முடிச்சிட்டு, மறுமுனையில் இழுத்தால் சுருக்கு விழும்.

கீழ்மடிப்பை மட்டும் உடனே தைக்கவில்லை. குண்டூசியோடு இரண்டு நாள் தொங்கவிட்டு, துணி இறங்கியபின் அளவு பார்த்துத் தைத்தார்கள். வெளிச்சத்தை முழுதாக மறைக்கும் இருட்டு லைனிங்கைத் தனியாகத் தைத்து, அதே கொழுக்கிகளில் பின்பக்கமாக மாட்டினார்கள். அதைத் தனியே கழற்றித் துடைக்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான விடயம். அந்த அறையில் பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன பிளைண்ட் ஒன்று இருந்தது. அதன் கயிறு வளையமாகக் குழந்தையின் தொட்டிலுக்கு மேலே தொங்கியது. அப்படிப்பட்ட வளையம் சிறு பிள்ளையின் கழுத்தில் சிக்கினால், சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பிரித்தானியாவில் 2014இல் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் அதற்கு முன் பொருத்தியவை பல வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். இவர்கள் பிளைண்டைக் கழற்றி எறிந்து, தொட்டிலையும் யன்னலிலிருந்து தள்ளிப் போட்டார்கள். புதுத் திரையின் சுருக்கு நாடாவில் மிஞ்சிய கயிற்றையும் தொங்கவிடாமல், சுருட்டி மேலே செருகினார்கள். அதை வெட்டிவிடக் கூடாது. தோய்க்கும்போது சுருக்கை அவிழ்க்க அது தேவை.

சுவாமிப்படத்துக்கு முன் திரை போடுவோர் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். விளக்கு எரியும்போது திரையை நன்றாக ஒதுக்கிக் கட்ட வேண்டும். நைலோன், பொலியெஸ்ரர் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீக்காயம் பட்டால் குழாயின் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். வெண்ணெய், பற்பசை எதுவும் பூசக்கூடாது.

பகலில் ஒருவரும் உறங்காத வேளையில் திரையை விலக்கி, யன்னலைச் சிறிது திறந்துவிடுவது நல்லது. கண்ணாடியில் ஈரம் தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு நோயுள்ளவர்களுக்கு அது ஆகாது.

மகன் தைத்த திரையின் ஒரு பக்கம் மற்றதைவிட ஒரு விரல் கட்டை. "அடுத்த யன்னலுக்குச் சரிவரும்" என்று தாயார் சொல்லிவிட்டார். மருமகள் அந்தக் குறையைப் பார்க்கவேயில்லை. வேலையால் வந்தவர் அன்று பின்னேரம் மூன்று மணிவரை நித்திரை.