கால் வலின்னா வாதம்தானா? ரத்தக் குழாயையும் கேளுங்கள்!

கொல்லிமலைக்கு ரோட்டில் போனால் 70 கொண்டை ஊசி வளைவு. சோளக்காடு சந்தைக்குப் பலாப்பழம் சுமந்து வருகிறவருக்கும், ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்கி ஏறுகிறவருக்கும் கால் வலிக்கத்தான் செய்யும். ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும்.

இன்னொரு வலி இருக்கிறது. அது பொல்லாதது! கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கும். இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால், கிட்டத்தட்ட அதே தூரத்தில் திரும்பவும் பிடிக்கும். மேட்டில் ஏறினால் இன்னும் சீக்கிரம் வரும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கிவிட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். "வயசாச்சு, தைலம் தேய்" என்று அனுப்பிவிடுகிறார்கள். மலையில் மட்டுமா? மவுண்ட் ரோட்டிலும் இதே கதைதான்.

பீடி, சிகரெட், சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு. குழாயை அடைப்பவை இவைதான். நாமக்கல் லாரி டிரைவர்களும் கவனிக்கட்டும்!

கண்டுபிடிக்க ஒரு கருவி போதும். பெயர் டாப்ளர். 1842-ல் ஆஸ்திரியா விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன தத்துவம். ரயில் நெருங்கும்போது விசில் கீச்சென்று கேட்டு, தாண்டியதும் சத்தம் இறங்குகிறதே, அதேதான். வேகமாய்ப் போகும் காரைப் போலீசார் ரேடார் கருவியால் பிடிப்பதும் இதே வித்தைதான். இங்கே பிடிபடுவது ரத்தம், அவ்வளவே வித்தியாசம்.

ஆளைக் கொஞ்ச நேரம் படுக்க வைக்கிறார்கள். கையில் பிரஷர் பட்டை, அப்புறம் கணுக்காலில் பட்டை. பென்சில் மாதிரி ஒரு கருவியைக் களிம்பு தடவி வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் 'உஷ், உஷ்' என்று கேட்கும். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். கையில் 140, காலில் 84 என்றால் 0.6. கணக்கு 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று அர்த்தம். ஊசி இல்லை, கத்தி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. பழகிய நர்சம்மா செய்துவிடலாம்.

சர்க்கரைக்காரர்களிடம் ஒரு ஏமாற்று உண்டு. குழாய் கல்லாய் இறுகிப்போய் கணக்கு 1.4-க்கு மேல் காட்டும். நல்லது என்று நம்பிவிடக் கூடாது! கால் விரலில் அளந்து பார்க்க வேண்டும்.

அடைப்பு எந்த இடத்தில் என்று பார்க்கத்தான் பெரிய ஸ்கேன். ஓஸ் பைப் வாயில் விரலை வைத்து அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதல்லவா? சுருங்கிய இடத்தில் ரத்தமும் அப்படித்தான் பாயும். வேகம் இரட்டிப்பானால் பாதிக் குழாய் போச்சு என்று டாக்டர்கள் கணக்குப் போடுகிறார்கள். இடுப்புக்குள் அடைப்பு என்றால் வலி தொடையிலும் பிட்டத்திலும் வரும். ஆண்மைக் குறைவும் வரலாம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அங்கே வயிற்றுக் காற்று படத்தை மறைக்கும், அதனால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள்.

பெரிய ஸ்கேனை மலைக்கு ஏற்று என்று யாரும் கேட்கவில்லை. நாமக்கல்லில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாயிற்று, அங்கே போகட்டும். ஆனால் யாரை அனுப்புவது என்று மேலேயே தெரிய வேண்டாமா? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, 70 வளைவு இறங்கி, "உனக்கு ஒன்றுமில்லை" என்ற பதிலோடு திரும்பியவர் அடுத்த தடவை வருவாரா? புண் ஆறாமல், விரல் கறுத்த பிறகுதான் வருவார். அப்போது வெட்டுவதைத் தவிர வழி இருக்காது. ஒற்றைக் காலோடு மிளகுக் கொடியில் எப்படி ஏறுவது?

சீக்கிரம் தெரிந்தால் பீடியை விட்டு, மாத்திரை போட்டு, டாக்டர் சொன்னபடி நடந்தே பலருக்குக் கால் தப்பும். செம்மேடு அரசு ஆஸ்பத்திரியிலும் மலையின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்தப் பென்சில் கருவி மேஜை மேல் இருக்க வேண்டும். பீரோவில் பூட்டி வைக்க அல்ல. சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவரின் காலில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வைத்துக் கேட்கட்டும்!