புகைப்படத்தில் அகப்படாத காடு

ஆவணி மாதத்து இரவுகளில் பனம்பழம் விழும் ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் இன்று உலகின் பல திசைகளிலும் வாழ்கின்றார்கள். பனங்கூடலின் நடுவிலிருந்து 'தொப்' என்று ஒரு சத்தம் எழும். பாயில் படுத்திருக்கும் சிறுவன் அது எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை மனதிலே குறித்துக்கொள்வான். அடுத்த வீட்டுக்காரன் எழும்புவதற்கு முன்னர் ஓடிச்சென்று பழத்தை எடுத்துவிட வேண்டுமல்லவா? அவ்வாறு இருளிலே காதால் கணக்குப் போட்ட சிறுவர்களில் நானும் ஒருவன்.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னர் காதை விடக் கண்ணையே நம்பப் பழகிக்கொண்டேன். மரநடுகை வைபவங்கள் பற்றி எத்தனையோ செய்திகளை எழுதியிருக்கிறேன். நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை, நட்டுவைத்த பிரமுகரின் பெயர், ஒரு புகைப்படம். அத்துடன் செய்தி முடிந்துவிடும். மறுவருடம் அதே இடத்துக்குச் சென்று பார்த்ததாக நினைவில்லை. அங்கு நின்று காதுகொடுத்துக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் ஒருபோதும் எழுந்ததில்லை. அது எத்தகைய தவறு என்பதை எனக்கு உணர்த்தியது ஓர் அமெரிக்கரின் ஒலிப்பதிவு ஆகும்.

பேர்னி குரோஸ் என்பவர் இசைக் கலைஞராக இருந்து, பின்னர் இயற்கையின் ஒலிகளைப் பதிவுசெய்வதையே வாழ்நாள் பணியாக வரித்துக்கொண்டவர். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பகுதியில் லிங்கன் மெடோ என்ற இடத்தில் 1988ஆம் ஆண்டு விடியற்காலை ஒலிகளை அவர் பதிவு செய்தார். அங்கு தெரிந்தெடுத்த சில மரங்கள் மாத்திரமே வெட்டப்படும் என்றும், அதனால் சூழலுக்குப் பாதிப்பு ஏற்படாது என்றும் அப்பகுதி மக்களுக்கு உறுதியளிக்கப்பட்டிருந்தது. மரங்கள் வெட்டப்பட்டு முடிந்த பின்னர், மறுவருடம் அதே காலத்தில், அதே இடத்தில் மீண்டும் பதிவுசெய்தார். புகைப்படத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால், ஒலிப்பதிவிலோ பறவைகளின் அடர்ந்த குரல்கள் மறைந்து, நீரோடையின் ஓசையும் ஒரு மரங்கொத்தி தட்டும் சத்தமுமே எஞ்சியிருந்தன. அதன் பின்னர் இரு தசாப்தங்களுக்கும் மேலாகப் பலமுறை அங்கு சென்றும் பழைய ஒலிவளம் திரும்பியிருக்கவில்லை என்று அவர் கூறினார்.

கண் ஏமாந்த இடத்தில் காது ஏமாறவில்லை. இதுவே நான் இங்கு வலியுறுத்த விரும்பும் விடயம்.

மரங்கள் தாமாகவே பேசுகின்றனவா என்ற வினாவும் அண்மைக் காலத்தில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இதிலே ஆய்வையும் கற்பனையையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, நீரின்றி வாடும் தக்காளி, புகையிலைச் செடிகள் மணித்தியாலத்துக்குச் சுமார் 30 முதல் 50 தடவைகள் சொடுக்குப் போன்ற ஒலியை எழுப்புகின்றன. வாட்டமின்றி நிற்கும் செடியிடமிருந்து மணித்தியாலத்துக்கு ஒரு ஒலிகூட வருவதில்லை. இவை 40 முதல் 80 கிலோஹேர்ட்ஸ் வரையிலான ஒலிகள். மனிதச் செவியோ 20 கிலோஹேர்ட்ஸுக்கு அப்பால் கேட்பதில்லை. தண்டினுள்ளே மேலேறும் நீரிழையில் காற்றுக் குமிழிகள் தோன்றி வெடிப்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகின்றனர். வறட்சியின்போது பெருமரங்களின் உள்ளேயும் நீரிழைகள் இவ்வாறு அறுந்துபோவதை விஞ்ஞானிகள் பல தசாப்தங்களாகவே அறிவர். அதே பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தேனீ பறக்கும் ஓசையைக் கேட்கவைத்த சில நிமிடங்களுக்குள் ஒருவகைப் பூவின் தேனில் இனிப்புக் கூடியமை கண்டறியப்பட்டது.

இவற்றை வைத்துக்கொண்டு செடி அழுகிறது, மரம் தாய்ப்பாசத்துடன் குஞ்சு மரங்களை வளர்க்கிறது என்றெல்லாம் எழுதுவோர் பெருகிவிட்டனர். தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மாத்திரம் கொண்ட ஓரறிவுயிர்களாக வகுத்தார் என்று நாம் பெருமைப்படலாம். ஆனால், இன்றைய ஆய்வை அன்றே அவர் கண்டுவிட்டார் என்று சொல்வது அவருக்குப் பெருமை சேர்க்காது. மரத்தின் மீது மனித உணர்ச்சியை ஏற்றினால்தான் அதனை நேசிக்க முடியும் என்பது ஒரு பலவீனம். அளந்து அறியப்பட்டவையே மதிப்பதற்குப் போதுமானவை.

எமது நாட்டுக்கு வருவோம். மலையகத்தின் பைனஸ் தோட்டங்களுக்குள் நடந்தவர்கள் அந்த அமைதியை அறிவார்கள். ஊசியிலைகளினூடாகக் காற்று இரையும். காலடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும். பறவைக் குரல் அரிதாகவே கேட்கும். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அது பசுமையான காடு. கணக்கெடுப்பிலும் அது காடாகவே சேர்கிறது.

மறுபக்கத்தில் சிங்கராஜ வனம் இருக்கிறது. 1970களில் இயந்திரங்களால் அங்கு மரம் தறிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சிங்கராஜ இடம்பெற்றது. அங்கு பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடித் திரிவதை ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலிருந்தே கவனித்து வருகின்றனர். அக்கூட்டத்தில் உள்ள கரிச்சான் இனப் பறவை பிற பறவைகளின் குரல்களையும் எழுப்பவல்லது. அடர்ந்த இலைகளினிடையே ஒன்றையொன்று காணமுடியாத பறவைகளைச் சேர்த்து வைத்திருப்பது ஒலியே. வெட்டு நிறுத்தப்பட்டதனால் காப்பாற்றப்பட்டவற்றுள் அந்த ஒலியும் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது.

வடக்கின் பனைகளைப் பற்றிச் சொல்லாமல் இதனை முடிக்க என்னால் இயலவில்லை. பனைக்கு வளரும் குருத்து ஒன்றுதான். தலை போனால் பக்கக் கிளை விட்டுப் பிழைத்துக்கொள்ளும் வழி அதற்கில்லை. எறிகணைகளினால் தலையிழந்த பனைகள் யுத்தம் நடந்த ஊர்களில் தூண்களாக நின்றதை நாம் கண்டோம். காற்று வீசியும் ஓசை எழாத கூடல்கள் அவை. பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டவை வேறு. பெண்பனையைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருந்தும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் பனைகள் விழாமல் இல்லை. புதிதாக நடப்படும் விதைகள் வடலியாகி, நெடும்பனையாகி, உயரத்தில் காவோலை சரசரக்க ஒரு தலைமுறை செல்லும்.

எனவே ஒரு யோசனை. ஊர்ப் பாடசாலை மாணவர்கள் தமது பனங்கூடலிலோ குளக்கட்டிலோ கோயில் மருத மரத்தடியிலோ ஆண்டுதோறும் அதே திகதியில், அதே விடியற்பொழுதில், பத்து நிமிடங்கள் கைத்தொலைபேசியில் ஒலியைப் பதிவுசெய்து பாடசாலையில் பேணிவைக்கட்டும். செலவில்லாத வேலை. பத்து வருடங்களில் அந்த ஊரின் மரங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை எந்த அறிக்கையும் மறைக்க முடியாது. மரநடுகைக்குப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளும் நட்ட அன்றைய புகைப்படத்துடன் திருப்தியடையாமல், ஐந்தாம் வருடத்து ஒலிப்பதிவையும் கேட்டு வாங்க வேண்டும். நான் எழுதத் தவறிய செய்தி அதிலேதான் இருக்கும்.