கரிகாலனைக் கொன்றது யார் என்று என்னைக் கேட்காதீர்கள்

தமிழ்நாட்டில் கதை எழுதிப் பிழைக்கிறவன் தப்பவே முடியாத கேள்வி ஒன்று உண்டு. அது அவன் எழுதிய கதையைப் பற்றியதாக இருக்காது. கல்கி எழுதிய கதையைப் பற்றியதாக இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார்கள். இலக்கியக் கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போது கேட்பார்கள். "அது கிடக்கட்டும் ஸார், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?"

கேள்வி புதிதல்ல. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29-ஆம் தேதி 'கல்கி' இதழில் தொடங்கி, 1954 மே 16-ஆம் தேதி முடிந்தது. மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் தபால்காரரை எதிர்பார்த்து நின்ற வாசகர்கள், கடைசி இதழைப் படித்துவிட்டு ஆசிரியரோடு சண்டைக்குப் போனார்கள். கதை திடீரென்று நின்றுவிட்டதாம், முடிச்சுகள் அவிழவில்லையாம். இத்தனைக்கும் கடைசிப் பாகத்துக்கு மட்டும் 91 அத்தியாயங்கள்! கல்கி கோபித்துக்கொள்ளாமல் ஒரு முடிவுரை எழுதி, பல சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார். பதில் சொல்லும் உரிமை உள்ளவர் போய்விட்டார் அல்லவா? அன்று முதல் எல்லோரும் அந்த உரிமையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மணிரத்னத்தின் படம் 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகங்களாக வந்த பிறகு, நாவலைத் தொடாதவர்களும் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

விளக்கம் சொல்வதே தவறு என்று நான் வாதாட வரவில்லை. விளக்கங்களில் இரண்டு ஜாதி உண்டு. நூலுக்குள் இருக்கும் இழையைப் பிடித்து முடிச்சை அவிழ்ப்பது ஒன்று. இழையே இல்லாத இடத்தில் சொந்தக் கயிற்றைக் கொண்டுவந்து, யாராவது ஒருவர் கழுத்தில் மாட்டுவது மற்றொன்று. முதலாவது உபகாரம். இரண்டாவது அபாண்டம். இந்த இரண்டாவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

முதல் வகையில் என் பங்கைச் செலுத்திவிடுகிறேன்.

முடிவில் எல்லோரையும் குழப்புவது மதுராந்தகன் விவகாரம். நாலு பாகம் வரை சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டுச் சதிகாரர்களோடு சுற்றிய மதுராந்தகன், செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த பிள்ளையே அல்ல என்றும், பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்றும் கடைசியில் தெரிகிறது. "இதென்ன, நாடகக் கொட்டகைக் குழந்தை மாறாட்டம்?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கல்கி ஏன் அதற்குப் போனார் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

சரித்திரம் அவர் கையைக் கட்டியிருந்தது. சுந்தர சோழருக்குப் பின் பட்டம் ஏறியவர் உத்தம சோழர். அவர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர். சுமார் 15 வருஷம் ஆண்டார். 985-இல்தான் அருள்மொழிவர்மர் ராஜராஜனாக முடி சூடுகிறார். ஜனங்கள் வேண்டியும், தம் சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும் வரையில் ராஜ்யம் தமக்கு வேண்டாமென்று அருள்மொழி மறுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுகிறது. பேராசைக்காரனும் கோழையுமான ஒருவனிடம் பயந்து ராஜ்யத்தை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் தியாகம் இல்லை, கையாலாகாத்தனம். தியாகம் தியாகமாக நிற்க வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுகிறவனும் யோக்கியனாக இருக்க வேண்டும். ஆகவே, ஆசைப்பட்ட மதுராந்தகன் வேறு, முடி சூடிய மதுராந்தகன் வேறு என்று கல்கி பிரித்தார். தமக்குச் சூட்ட வந்த மகுடத்தை அருள்மொழி எடுத்துச் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிற காட்சிக்காகவே அந்த மாறாட்டம். படத்தில் மாறாட்டம் கிடையாது. மதுராந்தகனே முடி சூடுகிறான். அது படம் எடுத்தவர் கண்ட வழி. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால், ஆயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்றே குறிக்கிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வரும் வரை ஏன் எழுதவில்லை என்றால், நாவலின் பெயர் 'பொன்னியின் செல்வன்'. அந்தச் செல்வன் மகுடத்தைக் கொடுத்த இடத்தில் கதை சிகரத்தைத் தொட்டுவிட்டது. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர் வைத்தவர், சிகரத்திலிருந்து இன்னும் 15 வருஷம் இறங்கிக் காட்ட வேண்டுமா? அதற்குப் பிந்திய கதை வேண்டியவர்களுக்கு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பாலகுமாரன் 'உடையார்' எழுதினார். படிக்கலாமே!

இனி, கொலைக்கு வருவோம்.

கடம்பூர் மாளிகை. நந்தினி இருக்கிறாள், கரிகாலன் இருக்கிறான். வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான், மணிமேகலையும் மறைந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெரிய பழுவேட்டரையர் வேஷம் மாறி வருகிறார். பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் பழி தீர்க்கக் காத்திருக்கிறார்கள். விளக்கு அணைகிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது கரிகாலன் பிணமாகக் கிடக்கிறான். எந்தக் கை, எந்தக் கத்தி என்று ஆசிரியர் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டாரா? பக்கத்துக்குப் பக்கம் இழை பின்னத் தெரிந்தவருக்கு இந்த ஓர் இழை கை நழுவிவிட்டதா? கிடையாது. அவர் வேண்டுமென்றே விளக்கை அணைத்தார்.

காரணத்தை அறிய இரண்டு சாசனங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று கல், மற்றொன்று செம்பு.

கல், காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் இருக்கிறது. நாவலின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரை ஏறி வருகிற வீரநாராயண ஏரியின் பக்கத்திலேதான். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களைப் பெயர் சொல்லி, அவர்களுடைய சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்யும் உத்தரவைத் தெரிவிக்கிறது. அவர்களைத் தூண்டியவர் உண்டா என்று அது சொல்லவில்லை. கையைக் காட்டுகிறது, கைக்குப் பின்னால் எதையும் காட்டவில்லை.

செம்பு, எங்கள் திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்தது. திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த 31 ஏடுகள். ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுத் தானத்தைப் பதிவு செய்தவை. சோழ வம்ச வரலாறு முழுவதையும் விஸ்தாரமாகப் பாடுகிற அந்தச் செப்பேடு, கரிகாலனிடம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொள்ளுகிறது. பாண்டியன் தலையைக் கொய்தான், பிறகு சொர்க்கத்தைக் காணும் ஆசையால் போய்விட்டான், அவ்வளவுதான். கொலை என்ற பேச்சே இல்லை. தம்பியின் மகன் அரண்மனையில் எழுதிய ஏடு அப்படி நழுவுகிறது.

கரிகாலன் இறந்தது 970-ஐ ஒட்டி. பறிமுதல் உத்தரவு 987-ஐ ஒட்டி. இடையில் உத்தம சோழரின் ஆட்சி முழுவதும் கழிந்திருக்கிறது. இந்தத் தாமதத்தைக் கண்டு பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தமர் மீது சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஒப்பவில்லை. உத்தமருக்குப் பங்கு இருந்திருந்தால், ராஜராஜன் தன் மகனுக்கு மதுராந்தகன் என்று பெயரிட்டிருப்பானா, உத்தமரின் மகனைக் கோயில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் பதவியில் வைத்திருப்பானா என்று கேட்கவும் இடம் இருக்கிறது. சரித்திரம் படித்த பெரியவர்கள் தராசை இரு பக்கமும் ஆட விட்டிருக்கிறார்கள்.

நம் வீட்டுத் திண்ணை நீதிபதிகளுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. ஒருவர், ராஜராஜனே அண்ணனைத் தீர்த்துக்கட்டினான் என்கிறார். இன்னொருவர், எல்லாம் குந்தவையின் வேலை என்கிறார். செத்து ஆயிரம் வருஷம் ஆனவள்தானே, மான நஷ்ட வழக்கா போடப்போகிறாள்? இவற்றையெல்லாம் விட விபரீதமான விளக்கம் ஒன்று உண்டு. கல்வெட்டில் அந்தச் சகோதரர்களுக்குப் பிரமாதிராஜன் என்ற பட்டம் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஜாதி முழுவதையும் கூண்டில் ஏற்றுகிறார்கள். எதிர்க் கட்சிக்காரர் உடனே வேறொரு ஜாதியைத் தேடிப் போகிறார். கல்லில் இருப்பது சில மனிதர்களின் பெயர். அதைச் சமூகத்தின் பெயராக மாற்ற எந்த ராஜாவும் உத்தரவு போடவில்லை.

நான் குடியிருக்கும் கும்மிடிப்பூண்டியில் உருக்கு ஆலைகள் அதிகம். சிப்காட்டில் ஓர் ஆலையில் தரப் பரிசோதனை செய்கிற அன்பர் ஒருவர், சென்னை போகும் மின்சார ரயிலில் பொன்னேரி வருவதற்குள் என்னிடம் கொலையாளியின் பெயரை அடித்துச் சொன்னார். ஆதாரம் கேட்டேன். "எல்லாம் ஒரு ஊகம்தான் ஸார்" என்றார். "ஆலையில் இப்படி ஊகித்துக் கம்பிக்கு முத்திரை வைப்பீர்களா?" என்று கேட்டேன். "அது எப்படி ஸார்? கட்டடம் இடிந்து விழுந்தால் யார் பதில் சொல்வது?" என்றார். இரும்புக்கு இவ்வளவு ஜாக்கிரதை! மனிதர்கள் பெயருக்கு மட்டும் பரிசோதனை வேண்டாமா?

ஊகித்துச் சொல்லும் தீர்ப்பு என்ன செய்யும் என்பதற்குத் திருவாலங்காட்டிலேயே சாட்சி இருக்கிறது. அந்தச் செப்பேடு கோயிலுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் பெயர் பழையனூர். பழையனூர் நீலி கதை நமக்குத் தெரியும். முற்பிறப்பில் தன்னைக் கொன்றவனைத் தேடி, அவன் மனைவி போல் வேஷம் போட்டு, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள் அந்தப் பேய். சபையில் இருந்த வேளாளர் எழுபது பேரும் அவள் கண்ணீரை நம்பினார்கள். "இவளோடு போ, உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று வணிகனிடம் சொன்னார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீக்குளித்தார்கள். தவறான தீர்ப்புக்கு அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். கரிகாலன் வழக்கில் தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் ஒரு கோப்பைத் தேநீரைக்கூட இழப்பதில்லை. அதனால்தான் தீர்ப்பு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது.

"சரித்திரம் கிடக்கட்டும், இது கற்பனைக் கதை, கற்பனையில் ஒரு கொலைகாரனைக் காட்டியிருக்கலாமே?" என்பது நியாயமான ஆட்சேபம். வாரத் தொடர் எழுதிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கொலைகாரனைக் காட்டுவதைப் போலச் சுலபமான காரியம் தொடர்கதையில் வேறில்லை. ஓர் அத்தியாயம் போதும், வாசகர் கைதட்டுவார். கஷ்டமானது, காட்டாமல் விட்டுவிட்டு வருகிற கடிதங்களைத் தாங்குவது. இரவிதாசன் கையில் கத்தியைக் கொடுத்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும். ஆனால் கதை செத்திருக்கும்.

ஏனென்றால், இருட்டில் நடந்த அந்தக் கொலைக்குப் பிறகு அந்த நாவலில் நடப்பது என்ன என்று பாருங்கள். சவத்தருகே அகப்பட்ட வந்தியத்தேவன் மேல் பழி விழுகிறது. பாதாளச் சிறையில் அடைக்கிறார்கள். முன்பு ஒரு தடவை கந்தன்மாறன் முதுகில் யாரோ குத்தியதற்கும் இவன்தான் பழி சுமந்தான். கண்ணெதிரே கண்டது போல் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு தடவையும் பொய். அவனைக் காப்பாற்ற, "நான் கொன்றேன்" என்று மணிமேகலை பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளுகிறாள். அப்புறம் பெரிய பழுவேட்டரையர் சபையில் நின்று, கொன்றது தம் கை என்று ஏற்றுத் தம் உயிரையும் விடுகிறார். நாவலின் கடைசி அத்தியாயத்தில் பட்டாபிஷேகம் கிடையாது. அந்தப் பேதைப் பெண் மணிமேகலையின் மரணம்தான் இருக்கிறது. கொன்றவன் பெயர் தெரிந்திருந்தால், அவள் சொன்னதும் அவர் சொன்னதும் வெறும் பொய்ச் சாட்சியாக முடிந்திருக்கும். பெயர் தெரியாததனால்தான் அவை தியாகமாக நிற்கின்றன.

அந்தக் கதையில் உள்ளவர்கள் பிறர் பழியைத் தம் மேல் இழுத்துக்கொள்ளப் போட்டி போடுகிறார்கள். அதைப் படித்த நாமோ ஆளுக்கொருவர் மேல் பழியைத் தள்ளப் போட்டி போடுகிறோம். ஐந்து பாகம் படித்ததற்கு இதுதானா பலன்?

ஆகவே, அன்பர்களே, மாறாட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், மகுடத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்த மட்டும் சொல்லுகிறேன். கடம்பூர் மாளிகையில் கல்கி அணைத்த விளக்கை மட்டும் ஏற்றச் சொல்லாதீர்கள். அந்த இருட்டில் ஒருவன் மேல் கை வைத்து "இவன்தான்" என்று சொல்ல நமக்கு ஆதாரமும் இல்லை, அதிகாரமும் இல்லை.